20ஆம் தேதி நெருங்கினால் கழுத்தில் அரிப்பு. யோகா கைகொடுக்குமா?

திருப்பூர்_கணக்கு:

வணக்கம். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன், வயது 38. பின்கழுத்தில் ஓர் இடம், வலது கணுக்காலின் வெளிப்பக்கம் ஓர் இடம், இரண்டும் தடித்துக் கறுத்து, யானைத்தோல் மாதிரி கோடுகோடாக இருக்கிறது. ஜிஎஸ்டி கணக்கில் மாதா மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதிக்குள் 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வாரம் வந்தால் போதும், ராத்திரி படுத்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். காலையில் நக இடுக்கில் ரத்தம்.

தோல் டாக்டர் லைக்கன் சிம்ப்ளக்ஸ் என்றார், சொறிந்து சொறிந்தே தோல் தடித்துப்போகும் நோயாம். ஸ்டீராய்டு களிம்பு, மாய்ஸ்சரைசர் எழுதினார். கிளம்பும்போது, "டென்ஷனைக் குறைங்க, யோகா மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்று ஒரு வரி. எந்த யோகா, எப்போது என்று கேட்கலாம் என்றால் வெளியே அவ்வளவு கூட்டம்.

காலை ஆறு மணிக்கு ஒரு மொட்டைமாடி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வியர்த்ததும் கழுத்து எரிகிறது. சிரசாசனம் செய்தால் தோல் பளபளக்கும் என்கிறார் மாஸ்டர். வியர்வை இதற்குக் கெடுதலா? களிம்பை வகுப்புக்கு முன்னால் போடுவதா, பின்னாலா? முதலில், யோகா தோலுக்கு நிஜமாகவே ஏதாவது செய்யுமா, இல்லை டாக்டர் சும்மா சொல்லி அனுப்பினாரா?

பச்சிலை_பிரியன்:

குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்க. எங்க பாட்டி காலத்தில் யோகாவும் இல்லை, களிம்பும் இல்லை.

மாடி_யோகா_கும்பகோணம்:

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாடியில் பத்துப் பேருக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கே பல வருடமாக சொரியாசிஸ் இருக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் அந்த சிரசாசனத்தை விடுங்கள் அம்மா. தலைகீழாக நின்றால் முகம் சிவக்கும், இறங்கிய சில நிமிடத்தில் பழைய நிறம் வந்துவிடும். அவ்வளவுதான் அந்தப் பளபளப்பு. கண்ணில் அழுத்தம் கூடும் என்பதால் கிளாக்கோமா இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. உங்களுக்குப் பின்கழுத்தில் புண் வேறு.

டாக்டர் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களின் தோலில் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து மேல்படலத்தைக் கலைத்தார்கள். அது மறுபடி சரியாக எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். விடுமுறை முடிந்து வந்தபோது சீக்கிரம் சரியான அதே தோல், பரீட்சை சமயத்தில் தாமதமாகத்தான் சரியானது. உங்களுக்குப் பரீட்சை மாதா மாதம் 20ஆம் தேதி.

சொரியாசிஸுக்கும் ஓர் ஆய்வு உண்டு. தியானத்தை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்த ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கரும் கூட்டாளிகளும் 1998இல் வெளியிட்டது. புறஊதா ஒளி சிகிச்சைக்கு வந்த 37 பேரில் ஒரு பகுதியினருக்கு, ஒளிப்பெட்டிக்குள் நிற்கும் நேரத்தில் தியானம் சொல்லித்தரும் ஒலிநாடாவைப் போட்டார்கள். நாடா கேட்டவர்களுக்குத் தோல் வேகமாகத் தெளிந்தது. நான் ஒளி சிகிச்சைக்குப் போன காலத்தில் என் டாக்டர் சொன்னது இது. சின்ன ஆய்வுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பெட்டிக்கு வெளியே உட்கார வைத்து தியானம் மட்டும் கொடுக்கவில்லை. சிகிச்சை நடந்துகொண்டே இருந்தது. "மருந்தை விட்டுட்டு யோகாவுக்கு வந்துட்டேன் சார்" என்று என் மாடிக்கு யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உங்கள் நோய்க்கு இதைவிட நேரடியான உபயோகம் இருக்கிறது. சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது, தடித்த தோல் இன்னும் அரிக்கிறது. சொறிவதில் பாதி நமக்குத் தெரியாமலே நடப்பது. சவாசனத்தில் உடம்பை ஒவ்வோர் இடமாகக் கவனித்துப் பழகியவருக்கு, கை கிளம்பும்போதே தெரிந்துவிடும். முதலில் தோள்பட்டை லேசாக இறுகும், முழங்கை மடங்கும், அப்புறம்தான் விரல் கழுத்துக்குப் போகும். தோள்பட்டை இறுகும்போதே பிடித்துவிட வேண்டும்.

பிடித்து என்ன செய்வது? சுவீடனில் எக்சிமா என்ற அரிப்புத் தோல்நோய் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. இரண்டு கையையும் முஷ்டியாக இறுக்கி முப்பது வரை எண்ண வேண்டும். அதற்குப் பிறகும் அரித்தால் அந்த இடத்தை நகத்தால் லேசாக அழுத்த வேண்டும், இழுத்துச் சொறியக் கூடாது. நான் முஷ்டியை விடும்போது மூச்சையும் நீளமாக வெளியே விடச் சொல்வேன், இது என் சேர்க்கை.

ராத்திரிக்கு: படுக்கையில் மல்லாந்து படுத்து, பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துங்கள். நம் ஆட்கள் இதற்கும் சமஸ்கிருதப் பெயர் வைத்திருப்பார்கள். நான் செய்வது ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் நூறு வருடம் முன்பு வகுத்த முறையைச் சுருக்கியது. பிறகு நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது. தூக்கம் வந்துவிட்டால் பாதியில் தூங்கிவிடுங்கள், அதற்குத்தானே செய்கிறோம்.

கணுக்கால் விஷயம் உங்கள் மாஸ்டர் கவனித்தாரா? சுகாசனத்தில் உட்காரும்போது வெளிக்கணுக்கால் தரையில் அழுந்தி உராயும். உங்கள் புண் அங்கேதான். டவலை நான்காக மடித்து அடியில் வையுங்கள், அல்லது நாற்காலியில் உட்காருங்கள். மத்ஸ்யாசனம், சர்வாங்காசனம் இரண்டிலும் கழுத்துக்கு வேலை அதிகம், இப்போதைக்கு வேண்டாம்.

நர்ஸ்_அக்கா:

தோல் ஓபியில் வேலை பார்த்தவள் நான். ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பச்சிலை தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், கீறிப் புண்ணான இடத்தில் எதையும் அரைத்துப் பூசக் கூடாது.

தங்கச்சி, கவரிங் செயின் போடுகிறீர்களா? தலைக்கு டை? இதை யாருமே டாக்டரிடம் தானாகச் சொல்வதில்லை. கவரிங்கில் இருக்கும் நிக்கலும் கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனமும் பின்கழுத்தில் ஒவ்வாமையைக் கிளப்பும். அதுவாக இருந்தால் எத்தனை ஆசனம் செய்தாலும் அரிப்பு போகாது.

வியர்வை விஷமில்லை. வெடித்த தோலில் அதன் உப்பு பட்டால் எரியும், அவ்வளவுதான். கழுத்தில் மெல்லிய பருத்தித் துண்டு வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முடியை மேலே தூக்கிக் கட்டுங்கள். வகுப்பு முடிந்ததும் அரட்டையை அப்புறம் வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிடுங்கள். நார் வேண்டாம். ஈரம் முழுக்கக் காயும் முன்பே மாய்ஸ்சரைசர்.

களிம்பு வகுப்புக்கு முன் வேண்டாம், வியர்வையோடு வழிந்து பாய்க்குத்தான் போகும். ஒரு வேளை போடச் சொல்லியிருந்தால் ராத்திரி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். உங்கள் இரண்டு இடத்துக்கும் அதில் பாதியே அதிகம். அவர் சொன்ன நாள் முடிந்ததும், குறைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் மறுபடி போய்க் காட்டுங்கள். மெடிக்கலில் அதே டியூபை வாங்கி நீங்களாகவே தொடராதீர்கள், தோல் மெலிந்துவிடும். அப்படி முகத்துக்குப் போட்டு வந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

திருப்பூர்_கணக்கு:

அக்கா, டை போடுகிறேன்! டாக்டர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இந்த வாரமே போய்ச் சொல்கிறேன். ஐயா, முஷ்டி வித்தை நேற்று ராத்திரி கொஞ்சம் வேலை செய்தது. முப்பது எண்ணுவதற்குள் அரிப்பு போகவில்லை, குறைந்தது. ஒரே கவலை, 15 முதல் 20 வரை காலை வகுப்புக்குப் போகவே முடியாது.

மாடி_யோகா_கும்பகோணம்:

போக வேண்டாம் அம்மா. அந்த ஆறு நாள் ஆசனத்தை விட்டுவிட்டு, ராத்திரி படுக்கைப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள். ஆபீஸில் ஓடிபிக்காகக் காத்திருக்கும்போது போனை மேஜையில் வைத்துவிட்டு மூன்று நீள மூச்சு விடுங்கள், பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. 14ஆம் தேதியே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். டை விஷயத்தில் டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள். என் வகுப்பிலும் இரண்டு பேருக்குப் பின்கழுத்தில்தான் தொல்லை.