45 தரைக்கல் தூரத்தில் ஒரு சலங்கை: மேடை நடனத்துக்கு லென்ஸ் தேர்ந்த கதைகள்

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர், அடைப்புக்குள் ஊர்.)

ஆத்தங்குடிக்கல் (காரைக்குடி)

என் மகளுக்கு எட்டு வயது. போன ஆண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் அவளுக்குச் சலங்கை பூஜை நடந்தது. கேமராப் பெட்டியோடு வந்த 18-55 லென்ஸும், சலுகையில் சேர்த்துக் கொடுத்த 55-200 லென்ஸும் என்னிடம் இருந்தன (எண்கள் மில்லிமீட்டரில், எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). மேடை தூரத்தில் இருக்கும், ஆகவே நீளமான லென்ஸ் என்று முடிவு கட்டிவிட்டேன். சீடை போடுமுன் எண்ணெய் காய்ந்ததா என்று இரண்டு தடவை பார்க்கிறவள் நான். மண்டபத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று ஒரு தடவைகூடப் பார்க்கத் தோன்றவில்லை.

412 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், முகம் தெளிவாக விழுந்தவை ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழில் அவள் ஆடவே இல்லை, கும்பிட்டு நின்றுகொண்டிருந்தாள். மற்றவற்றில் விரல் நுனியில் பூசியிருந்த சிவப்பெல்லாம் காற்றில் கோடு கோடாக இழுபட்டிருந்தது. அவளுடைய அப்பத்தா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "பிள்ளை தீப்பந்தமா சுற்றுகிறாள்?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அந்த லென்ஸை 200-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும் (இந்த எண் குறையக் குறைய வாய் பெரிது). ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்வை, 6400 வரை ஏற்றியும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடியிலேயே நின்றிருக்கிறது. கும்பிடுகிற பிள்ளைக்கு 1/60 போதும். தட்டடவு போடுகிற பிள்ளைக்கு 1/250 வேண்டும், குதித்தால் 1/500. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று வேறு நம்பியிருந்தேன். அது என் கைநடுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். அவள் கால் ஓடுவதற்கு அது என்ன செய்யும்?

எஃப்/5.6-இலிருந்து எஃப்/2.8-க்கு வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கு மடங்கு. எஃப்/1.8 என்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு. அதாவது அதே மண்டபத்தில், அதே ஐ.எஸ்.ஓ.வில், என் 1/60 முதலாவதில் 1/250 ஆகியிருக்கும், இரண்டாவதில் 1/500-ஐத் தாண்டியிருக்கும். எஃப்/2.8 ஜூம் விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். மிஞ்சியது ஜூம் இல்லாத எஃப்/1.8 லென்ஸ். 50-ஆ, 85-ஆ என்பதுதான் கேள்வி. கேட்ட ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். நான் எங்கே உட்காரப்போகிறேன் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நவராத்திரி நிகழ்ச்சிக்கு அதே மண்டபம் என்று தெரிந்தது. ஒரு நாள் காலையில் போய், எனக்குக் கிடைக்கக்கூடிய நான்காம் வரிசை நாற்காலியிலிருந்து மேடை நடு வரைக்கும் தரைக்கல்லை எண்ணினேன். இரண்டடிக் கல் 15, ஆக 30 அடி. காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த வாரம் கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டுக்குப் போனோம். நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு இப்படியொரு பயன் இருக்கும் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். தரையில் 8 அங்குல ஆத்தங்குடிக் கல். 45 கல் எண்ணினால் 30 அடி. அங்கே மகளை அரைமண்டியில், முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமர்ந்த நிலையில், நிறுத்தினேன். பழைய 55-200 லென்ஸையே முதலில் 55-இலும் (50-க்குப் பக்கத்து எண்) பிறகு 85-இலும் வைத்து, கேமராவை நெடுக்காகப் பிடித்துப் பார்த்தேன். லென்ஸ் வாங்காமலே லென்ஸைச் சோதிக்க இது போதும்.

என்னுடையது சிறிய சென்சார் கேமரா, ஏ.பி.எஸ்-சி வகை. 30 அடி தூரத்தில் 50 என்றால் சுமார் 14 அடி உயரம் சட்டத்துக்குள் வருகிறது. நாலடிப் பிள்ளை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 85 என்றால் சுமார் 8 அடி. அவள் பாதிச் சட்டத்தை நிறைக்கிறாள், கையைத் தூக்கினாலும் இடம் இருக்கிறது, சலங்கையும் வெட்டுப்படவில்லை. 85 எஃப்/1.8 வாங்கினேன்.

நவராத்திரியில் அவள் தனியாக ஆடிய முதல் உருப்படி, அலாரிப்பு, முழுவதும் கிடைத்தது. அடுத்து ஆறு பிள்ளைகள் சேர்ந்து ஒரு கும்மி. கேமராவைக் கிடையாகப் பிடித்தாலும் 85-இல் இரண்டு பேருக்குத்தான் இடம். போதாக்குறைக்கு, அந்தத் தூரத்தில் எஃப்/1.8-இல் தெளிவாக விழுகிற ஆழம் சுமார் 80 செ.மீ.தான். முன்வரிசை தெளிவு, பின்வரிசை புகை. பின்வரிசைப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இன்னும் படம் அனுப்பவில்லை. லென்ஸின் முன்மூடியும் அன்று நாற்காலிக்கடியில் போனது போனதுதான்.

திண்ணைவாசி (தேவகோட்டை)

ஆத்தா, கல் எண்ணிய கதை அருமை. 85-ஐவிட 50 விலை குறைவு என்பதை நீ சொல்லாமல் விட்டுவிட்டாய், அதனால் நான் 50-க்காகப் பேசுகிறேன்.

என் பேத்திக்காக நானும் ஒரு லென்ஸ் வாங்கினேன், பழையது. 50, எஃப்/1.8, கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. ஓய்வூதியக்காரனுக்கு ஏற்ற விலை. வீட்டுக்கு வந்து கேமராவில் மாட்டினால் ஃபோகஸ் அசையவே இல்லை. லென்ஸ் கெட்டுவிட்டது என்று சண்டை போடக் கிளம்பினேன். தெருமுனை ஸ்டூடியோப் பையன்தான் நிறுத்தினான். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருக வேண்டும், ஐயாவின் கேமராவில் அந்த மோட்டார் இல்லை என்றான். நிக்கானில் டி3500, டி5600 போன்றவற்றில் அந்த மோட்டார் இல்லை. அவற்றுக்கு ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று தொடங்கும் லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும். வெறும் ஏ.எஃப் என்று தொடங்கி 1.8டி என்று முடியும் 50 லென்ஸ் அழகாக மாட்டும், படமும் எடுக்கும், ஃபோகஸை மட்டும் கையால்தான் திருக வேண்டும். பெயரில் ஓர் எழுத்தைப் படிக்காமல் வாங்கியது என் பிழை. 72 வயதுக் கண்ணால், ஆடுகிற பிள்ளைக்கு, கையால்! வேறொன்றாக மாற்றிக்கொண்டேன்.

இப்போது 50-க்கான நியாயம். 24 மெகாபிக்சல் படத்தை 85 எடுத்ததுபோலத் தெரியும் வரை ஓரங்களை வெட்டினால் சுமார் 8 மெகாபிக்சல் மிஞ்சும். 12-க்கு 8 அங்குல ஆல்பம் படத்துக்கு அது தாராளம். வெட்டியதில் கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும். எங்கள் காலத்துப் படங்களெல்லாம் மணல்தான். பின்வரிசைத் தாய்மார்களும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மணவறை ஓரம் (பள்ளத்தூர்)

20 ஆண்டுகளாகக் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று படம் எடுக்கிறேன். ஆச்சி சொன்னதும் ஐயா சொன்னதும் சரி. ஆனால் இருவரும் மண்டப விளக்கைப் பற்றிப் பேசவே இல்லை, எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் பளிச்சென்று, அடுத்தது மங்கலாக, மூன்றாவது மஞ்சளாக வரும். லென்ஸ் பழுது என்று நினைத்து என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. புதிய கேமராக்கள் பலவற்றில் சிமிட்டலைக் கணித்து, விளக்கு உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள், சபைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழலாம். நல்ல மனதுக்குக் கிடைத்த தண்டனை அது. ஒத்திகையிலேயே இரண்டு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்தது பின்திரை. கருப்புத் திரை போட்டால் கேமரா, "அடடா, இருட்டு" என்று ஏமாந்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். பிள்ளையின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுக்கும், நெற்றிச்சுட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். முகத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு படி குறையுங்கள். ஊதா, இளஞ்சிவப்பு விளக்குப் போடுகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது. ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் பாதியாவது மீளும்.

லென்ஸ் என்று கேட்டால் தொழிலுக்கு 70-200 எஃப்/2.8. தனியாக ஆடும்போது இழுத்துக்கொள்ளலாம், கும்மி என்றால் விட்டுக்கொள்ளலாம். பலவற்றின் எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். வர்ணம் என்ற நீண்ட உருப்படி முடிவதற்குள் தோள் கழன்றுவிடும், ஒற்றைக்கால் ஸ்டாண்ட் இல்லாமல் எடுக்காதீர்கள். வருடத்தில் இரண்டு நிகழ்ச்சிக்காக வீட்டில் அதை வாங்கி வைப்பது வீண். மதுரையிலோ திருச்சியிலோ வாடகைக்கு எடுக்கலாம். நிகழ்ச்சிக்கு முதல் நாளே எடுத்து வந்து பழகுங்கள். அன்று காலையில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, மாலையில் எந்த வளையம் எதற்கு என்று தேடியவரை நான் பார்த்திருக்கிறேன்.

சலங்கைச்சத்தம் (கோட்டையூர்)

நான் சொல்லிக்கொடுக்கிறவள். மேடையின் இடது ஓரத்தில் தட்டுக்கழியோடு உட்கார்ந்திருப்பது நான்தான். நீங்கள் எல்லோரும் லென்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள், எப்போது அழுத்துவது என்று யாரும் சொல்லவில்லையே.

நொடிக்கு எட்டுப் படம் என்று விடாமல் அழுத்துவதைவிட ஜதியைக் கேளுங்கள். தீர்மானம் என்கிற ஜதிக்கோர்வை முடியும்போது "ததிங்கிணதொம்" என்பது பெரும்பாலும் மூன்று முறை வரும். மூன்றாவது "தொம்"மில் பிள்ளை அசையாமல் நிற்பாள், நிற்க வேண்டும் என்றுதான் நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். அந்த நொடியில் 1/125 கூடப் போதும். எஃப்/1.8 இல்லாதவர்களுக்கு இது இனாம். கை நீட்டி வருகிற வேகத்தைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் 1/500 எல்லாம். சப்தம், பதம் மாதிரி உருப்படிகளில் அபிநயம் வருகிற இடத்தில் கால் அடங்கிக் கண் பேசும். ஷட்டரை இறக்கிக்கொண்டு முகத்துக்கு நெருங்கலாம்.

அலாரிப்பு கண்ணிலும் கழுத்திலும்தான் தொடங்கும். பிள்ளை நின்றபடியே இருப்பாள். "இன்னும் ஆடவில்லையே" என்று கேமராவை இறக்கி வைக்கிற அப்பச்சிமார்களை மேடையிலிருந்து பார்க்கும்போது எனக்குத் தட்டுக்கழியை எறியலாம்போல இருக்கும். அரைமண்டியில் உட்கார்ந்தால்தான் இடுப்பிலிருந்து விசிறி மடிப்பு முழுதாக விரியும். அதற்காகத்தான் அந்த உடுப்பைத் தைப்பது. பாதத்தை வெட்டி எடுத்த படத்தை என்னிடம் காட்டாதீர்கள். முகம் எத்தனை அழகாக இருந்தாலும் சரி.

ஃபிளாஷ் வேண்டாம். ஒற்றைக்காலில் நிற்கிற பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேமராவோடு ஒட்டிப் பிறந்த அந்தக் குட்டி ஃபிளாஷ் முன்வரிசைப் பெரியவர்களின் வழுக்கையைத்தான் நன்றாகக் காட்டும்.

ஒத்திகைக்கு வாருங்கள். உடுப்பு, நகை, விளக்கு எல்லாம் போட்டு ஒரு முறை பார்ப்போம். நாற்காலி காலி, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். 50 வைத்திருப்பவர் 15 அடிக்கு வந்துவிடலாம், அப்புறம் 85 எதற்கு? அழைத்தும் யாரும் வருவதில்லை. மற்ற பிள்ளைகளைத் தனியாக எடுப்பதாக இருந்தால் அவர்களுடைய தாய்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கரைச்சீமை (சிங்கப்பூர், ஊர் கண்டனூர்)

விஜயதசமிக்கு ஊருக்கு வருகிறோம், தங்கை மகள் ஆடுகிறாள். என்னிடம் கேமரா இருக்கிறது, 18-55 மட்டும்தான். நல்ல போன் இருக்கிறதே, அதில் மூன்று மடங்கு ஜூம் இருக்கிறதே என்கிறாள் என் ஆச்சி. போதுமா?

மணவறை ஓரம் (பள்ளத்தூர்)

வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் நீங்கள் மூன்று மடங்கு என்று அழுத்தினாலும் அந்த லென்ஸை விட்டுவிட்டு முதன்மை லென்ஸில் எடுத்து வெட்டித்தான் கொடுக்கும். கூட்டப் படத்துக்கும் வீடியோவுக்கும் போன் நல்லதுதான். தனி நடனத்துக்கு வேண்டாம். உங்கள் கேமரா எந்த மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) என்று சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக்கல் (காரைக்குடி)

என்னுடைய மவுண்ட் உங்களுடையதோடு பொருந்தினால் புது லென்ஸ் வாங்க வேண்டாம், அண்ணன். விஜயதசமியன்று என் மகளுக்கு நிகழ்ச்சி இல்லை, 85 சும்மாதான் இருக்கும். தங்கை மகள் ஆடுகிற மண்டபத்தில் உங்கள் நாற்காலிக்கும் மேடைக்கும் எத்தனை அடி என்று முதலில் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். 25 அடிக்குள் என்றால் 50-தான் சரி, தேவகோட்டை ஐயாவைக் கேளுங்கள். 30-ஐ ஒட்டி என்றால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள். முன்மூடி புதிதாக வாங்கி நூல் கட்டி வைத்திருக்கிறேன், அந்த நூலை மட்டும் அவிழ்க்காதீர்கள்.