ஈஸ்டர் ஃபொலார் உப்பவில்லை, முட்டையும் வெடித்துவிட்டது. எங்கே தப்பு?

சோம்புவாசம்:
வணக்கம். லிஸ்பன் பக்கத்தில் ஒடிவேலாஸில் இருக்கிறோம். மேல்வீட்டுக் குழந்தைக்கு நான் ஞானத்தாய். குருத்தோலை ஞாயிறன்று ஞானப்பிள்ளை பூ கொண்டுவந்து கொடுப்பதும், பதிலுக்கு ஈஸ்டர் அன்று ஞானப்பெற்றோர் ஃபொலார் (மேலே முழு முட்டை பதித்த இனிப்பு ரொட்டி) கொடுப்பதும் இந்த ஊர் வழக்கம். கடையில் வாங்கிக் கொடுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் குழந்தையின் பாட்டி தன் கையால் அளவு எழுதிக் கொடுத்துவிட்டார். இனி தப்பிக்க முடியாது.

அளவு இதுதான்: மாவு 500 கிராம், சர்க்கரை 125, வெண்ணெய் 100, பால் 180 மில்லி, முட்டை 2, உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத்தூள், சோம்பு, எலுமிச்சைத் தோல் துருவல். மேலே பதிக்க முழு முட்டை தனி. பாட்டி செய்முறை எதுவும் எழுதவில்லை, "நன்றாக அடித்துப் பிசை" என்பதோடு சரி.

வெண்ணெயைப் பாலில் போட்டு அடுப்பில் உருக்கினேன். கொஞ்சம் ஆறவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியும் மாவு அசையவில்லை. பாதி மாவை மட்டும் எடுத்து இரண்டு பச்சை முட்டையைப் பதித்து, 200 டிகிரியில் ஃபேன் போட்டுச் சுட்டேன். மேலே கறுப்பு, நடுவில் களி. ஒரு முட்டை வெடித்து வெள்ளைக்கரு வழிந்து ரொட்டி மேலேயே வெந்துவிட்டது. வெறுத்துப்போய் மீதி மாவைக் கிண்ணத்தோடு மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அது இரண்டு மடங்காகி நிற்கிறது! ஒன்றும் புரியவில்லை.

பாண்பிரியன்:
வணக்கம் அக்கா, பாரிஸில் இருந்து. இங்கே எங்கள் தெருவில் போர்த்துக்கீசர் நிறையப் பேர், ஈஸ்டர் நேரம் இதைச் செய்வார்கள். சீனி இவ்வளவு போட்டால் பாண் மாவு பொங்காது. ஈஸ்டை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். சுடுபாலில் ஈஸ்ட் செத்திருக்கவும் கூடும்.

மாவுக்கை:
ஈஸ்ட் சாகவில்லை. செத்திருந்தால் காலையில் அந்தக் கிண்ணம் இரட்டிப்பாகி இருக்காது. பாலும் ஈஸ்டைக் கொல்லும் அளவுக்குச் சூடாக இருந்திருக்காது என்று இதிலிருந்தே சொல்லிவிடலாம். ஆக, உங்கள் மாவு மெதுவாக வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அவசரப்பட்டு அதை ஓவனுக்குள் தள்ளிவிட்டீர்கள்.

இரண்டு கேள்வி. சமையலறை எவ்வளவு குளிர்? மாவு என்ன வகை?

சோம்புவாசம்:
வீட்டில் ஹீட்டர் கிடையாது, இந்த ஊரில் பாதி வீடுகள் அப்படித்தானே. அன்று உள்ளே 16 டிகிரி. மாவு டி65 (இங்கே பாக்கெட்டில் போடும் மாவு வகை எண்), ஈஸ்டும் பேக்கிங் பவுடரும் கலக்காதது.

மாவுக்கை:
மாவு சரி. டி55 கேக்குக்கு நன்றாக வரும், இதற்கு டி65தான் நல்லது. மாவுப் பாக்கெட்டில் "கொம் ஃபெர்மெந்து" என்று போட்டிருந்தால் அது பேக்கிங் பவுடர் கலந்தது, அதைத் தொடாதீர்கள். இது அடுத்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

16 டிகிரியில் வெறும் ரொட்டி மாவே சோம்பிக் கிடக்கும். உங்களுடையதில் மாவின் எடையில் கால் பங்கு சர்க்கரை வேறு. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்டுக்குக் கிடைப்பது குறைந்துபோகிறது. பத்து சதவீதம் தாண்டினாலே வேகம் குறையத் தொடங்கிவிடும். பட்டையிலும் ஈஸ்டை அடக்கும் பொருள் உண்டு. போதாததற்கு உருக்கிய வெண்ணெயை முதலிலேயே ஊற்றியிருக்கிறீர்கள். கொழுப்பு மாவுத் துகளை மூடிக்கொண்டால் பசைப்பிடிப்பு (குளூட்டன்) உருவாகத் தாமதமாகும். எவ்வளவு பிசைந்தாலும் மாவு கையில் இழுபடாமல் அறுந்துபோகும். அப்படித்தானே இருந்தது?

சோம்புவாசம்:
அப்படியேதான்! எண்ணெய் பூசிய களிமண் மாதிரி இருந்தது.

மாவுக்கை:
அளவை மாற்றவே வேண்டாம், பாட்டி எழுதியது நல்ல அளவு. வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் 100 மில்லி பாலை விரல் வைத்தால் இதமாக இருக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதில் ஈஸ்ட் முழுவதையும், 500இலிருந்தே எடுத்த 100 கிராம் மாவையும் கலந்து மூடி வைத்துவிடுங்கள். அரை மணி, முக்கால் மணியில் குமிழ் வந்து பொங்கும். பொங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், முட்டையும் வெண்ணெயும் வீணாகாது. பொங்கியபின் மீதி மாவு, மீதிப் பால், முட்டை, உப்பு, பாதிச் சர்க்கரை சேர்த்துப் பிசையுங்கள். கையால் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். சிறு துண்டை விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக வர வேண்டும். அப்புறம்தான் மீதிச் சர்க்கரை. அதற்கும் பின்னால், உருக்காத மெத்தென்ற வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெண்ணெய் சேர்த்ததும் மாவு வழுக்கிப் பிரிவதுபோல் தெரியும். பயந்து மாவு தூவிவிடாதீர்கள், பிசையப் பிசையச் சேர்ந்துகொள்ளும். பட்டையும் சோம்பும் கடைசியில்.

உப்பவிட ஓவனையே பெட்டியாக்கிக் கொள்ளுங்கள். சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு, கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் வெந்நீர் வையுங்கள். 27, 28 டிகிரி போதும். 35க்கு மேல் போனால் வெண்ணெய் கசிய ஆரம்பிக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவு இரண்டு மடங்காகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மணி நேரமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம்.

பாண்பிரியன் சொன்னதிலும் தப்பில்லை, ஈஸ்ட் கூட்டினால் வேகம் வரும். ஆனால் இரண்டு மடங்கு போட்டால் ஈஸ்ட் வாடைதான் முன்னால் நிற்கும், சோம்பு வாசம் பின்னால் போய்விடும். என்னைக் கேட்டால் வேண்டாம். இனிப்பு மாவுக்கென்றே தனி ஈஸ்ட் இருக்கிறது, அது கிடைத்தால் வாங்கலாம்.

பாண்பிரியன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டம்மாவும் சீனியைப் பிறகுதான் போடுவார். போர்த்துகலின் தென்கோடியில் இருக்கும் ஒல்யாவுன் ஊர்க்காரர் அவர். அந்த ஊர் ஃபொலாரில் கறுவா (பட்டை) மாவுக்குள் போகாது. மாவை மெல்லிய தட்டாக்கி, வெண்ணெய், சீனி, கறுவா தூவி அடுக்கடுக்காகச் சட்டியில் வைத்துச் சுடுவார்கள். அடியில் சீனி உருகிப் பாகாகிவிடும். முட்டையும் இல்லை, வெடிக்கும் கவலையும் இல்லை!

பிரகான்சா மாணவன்:
இடையில் ஒரு சந்தேகம். நான் இருப்பது போர்த்துகலின் வடகிழக்கு மூலை, த்ராஸ் உஷ் மொந்தெஷ் பகுதி. இங்கே ஃபொலார் என்றால் உள்ளே பன்றித்தொடையும் லிங்குயிசாவும் (புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி) வைத்த உப்பு ரொட்டி. வால்பாசுஷ் ஊர் ஃபொலாருக்குப் புவிசார் குறியீடு கூட உண்டு. நீங்கள் எல்லாரும் சர்க்கரை பற்றிப் பேசுகிறீர்களே, வேறு பண்டமா?

மாவுக்கை:
தம்பி, பெயர் ஒன்று, பண்டம் வேறு. வடக்கில் இறைச்சி, நடுவிலும் தெற்கிலும் இனிப்பு. உங்களுடையதில் சர்க்கரை இல்லாததால் இந்தத் தொல்லை வராது. அதிலும் கொழுப்பும் முட்டையும் ஏராளம் என்பதால் பிசைவது மட்டும் இதே கதைதான்.

சோம்புவாசம், முட்டை விஷயத்துக்கு வருவோம். பச்சையாக வைக்காதீர்கள். வெங்காயச் சருகு போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்தால் ஓட்டுக்குச் செம்பழுப்பு நிறம் வரும், இங்கே பழைய வழக்கம் அது. முழுக்க ஆறவிட்டு ஈரம் துடைத்து வையுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக வைத்தால் அதன் அடியிலிருக்கும் மாவு சூடேறப் பிந்தும், நடுவில் களியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். உருட்டித் தட்டிய மாவில் குழி அழுத்தி, முட்டையைப் பாதி ஆழம் இறக்கி, மேலே இரண்டு மாவுக் கயிறுகளைக் குறுக்காகப் போடுங்கள். கயிற்றை இறுக்கி இழுக்க வேண்டாம். மாவு உப்பும்போது அறுந்துவிடும், இல்லையென்றால் முட்டையை வெளியே தள்ளிவிடும். நுனிகளை அடியில் செருகினால் போதும். பிறகு இன்னொரு முறை, முக்கால் மணி நேரமாவது உப்பவிடுங்கள்.

200 டிகிரி இவ்வளவு சர்க்கரைக்கு அதிகம், அதுவும் ஃபேனோடு. ஃபேன் இல்லாமல் 175, இருந்தால் 160. கீழ்ப்பக்கத் தட்டில் வையுங்கள். இருபது நிமிடத்தில் நிறம் வந்துவிடும், உடனே அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். மொத்த மாவும் ஒரே ரொட்டி என்றால் 35 முதல் 40 நிமிடம். வெப்பமானி குத்திப் பார்க்க முடிந்தால் நடுவில் 90 டிகிரி. குச்சி குத்திப் பார்ப்பதை நான் நம்புவதில்லை, வெண்ணெய் மாவில் அது சில நேரம் ஏமாற்றும்.

சோம்புவாசம்:
நேற்று செய்து பார்த்தேன். ஈஸ்ட் கலவை பொங்கியதைப் பார்த்தபோதே பாதிக் கவலை போய்விட்டது. முதல் தடவை உப்ப இரண்டரை மணி நேரம் எடுத்தது, ஓவன் விளக்கோடுதான். உள்ளே நூல் நூலாகப் பிரிகிறது, முட்டை ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரே குறை, ஒரு கயிறு பக்கவாட்டில் பிளந்து நிற்கிறது. அதோடு ஒரு கேள்வி: ஞாயிறு மதியம் கொடுக்க வேண்டும், காலையில் திருப்பலி. சனிக்கிழமையே சுட்டு வைக்கலாமா?

மாவுக்கை:
இரண்டாவது உப்பல் இன்னும் கொஞ்சம் வேண்டும், அதனால்தான் பிளந்தது. விரலால் மெதுவாக அழுத்தினால் குழி தாமதமாக மேலே வர வேண்டும். உடனே துள்ளி வந்தால் இன்னும் காத்திருங்கள்.

சனிக்கிழமை இரவு தாராளமாகச் சுடலாம், வெண்ணெய் ரொட்டி மறுநாளும் மெத்தென்று இருக்கும். முழுக்க ஆறியபின் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். சூட்டோடு மூடினால் மேல்தோல் ஈரமாகி ஒட்டும். ஆனால் முட்டையோடு இரவு முழுவதும் வெளியே வைத்தால் அந்த முட்டையை அலங்காரமாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். சாப்பிட வேண்டுமென்றால் வேகவைத்த முட்டை வேறொன்றைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, கொடுக்கும்போது மாற்றிவிடுங்கள். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியே போட்டிருந்தால் சுலபமாகக் கழன்று வரும்.

பாண்பிரியன்:
மிஞ்சினால் துண்டு போட்டு உறையவைத்து, வேண்டும்போது வாட்டி உப்பு வெண்ணெய் பூசிச் சாப்பிடுங்கள் அக்கா. இங்கே நாங்கள் அதற்காகவே ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்குவோம்.