மறுமொழி: ஒளிவிழாவுக்குக் காசு சேர்ப்பது சம்பந்தமாக

அன்பான ஊர் உறவுகளுக்கு,

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்) வைக்கும் ஒளிவிழாவுக்குப் பெரிய திரையும் வானத்திலிருந்து எடுக்கும் வீடியோவும் வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சங்கத்திடம் மூன்று இலட்சம் கேட்டு வந்த மடலும் அதற்கு வந்த பதில்களும் வாசித்தேன். பொருளாளர் அண்ணை 2019 பற்றுச்சீட்டுகளைக் கேட்பது நியாயம். அதை யாராவது அனுப்பிவிடுங்கள். ஆனால் பக்கத்து ஊரில் பெரிய திரை வைத்தார்கள் என்பதற்காக நாங்களும் வைக்க வேண்டும் என்று லண்டன் மச்சான் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் சின்னம்மா போன மார்கழியில் ஊரில் நின்றவர். விழாவன்று மேடையில் இருந்த தேவதூதர் உடுப்பு எல்லாம் யாழ்ப்பாணத்துக் கடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. வாடகையைப் பெற்றோர்தான் கட்ட வேண்டும். கட்ட முடியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பாட்டெல்லாம் பாடமாக்கியும், கீழே கதிரையில் இருந்து கைதட்டியிருக்கிறது. சின்னம்மா தொலைபேசியில் இதைச் சொல்லும்போது குரல் அடைத்துவிட்டது. எங்கள் சங்கத்தின் பெயர் அச்சடித்த பதாகை அதே மேடையில்தான் தொங்கியது.

எங்கள் காலத்தில் உடுப்பு இல்லை என்று யாரையும் இறக்கிவிட்டது கிடையாது. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மெழுகுதிரியும் பற்றரியும் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி டைனமோவில் கசெற் போட்டுத்தான் பாட்டுப் பழகினோம். தேவதூதருக்குத் தனிச் சட்டை எதற்கு? பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையே போதும். பால்மாப் பெட்டி மட்டையில் செட்டை வெட்டி, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை ஒட்டுவார்கள். இயேசு பிறப்பு நாடகத்தில் இடையருக்கு அப்பாவின் சாரம், தலையில் துவாய். மூன்று இராசாக்களுக்குத்தான் பெரிய பாடு, அம்மாமாரின் கூறைச்சேலை வேண்டும். (கூறையில் மெழுகு ஊற்றிய கதையை இன்னும் கிண்டுகிறவர்களுக்கு: அந்தச் சேலைக்காரி போய்ச் சேர்ந்துவிட்டார். இனி விடுங்கள்.)

மார்கழி என்றால் மழை. கிறேப் கடதாசியில் செய்த அரைப்பட்டி நனைந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்புச் சாயம் இறங்கிய வருடம் அக்காவுக்கு நல்ல அடி. அந்தச் சட்டையோடுதானே தை மாதம் திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டும்!

நத்தார் உடுப்பு வேறு கதை. ஒரே துணியில் அக்காவுக்குச் சட்டை, எனக்குச் சேட், மிச்சத்தில் தம்பிக்குக் காற்சட்டை. அடுத்த வருடமும் போட வேண்டும் என்று கீழ்மடிப்பை அகலமாக விட்டுத் தைப்பார்கள். நள்ளிரவுப் பூசைக்கு முன் அதைத் தொட முடியாது. சாமிப்படத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கும், நாங்கள் போய்ப் போய் மணந்து பார்ப்போம்.

1995 ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு ஓடியது. அந்த மார்கழி கொடிகாமப் பக்கம் ஒரு மாமரத்தின் கீழே சிஸ்டர் ஒருவர் எங்களைச் சேர்த்துப் பாட்டுப் பழக்கினார். இடம்பெயர்ந்தபோது போட்டிருந்த உடுப்புத்தான் ஒவ்வொருவருக்கும். மரியாளாக நடித்தது சைவப் பிள்ளை. ஊரிலும் அப்படித்தான், வாணி விழாவுக்கு (சரஸ்வதி பூசை) அவல் கடலை பங்கிட வேதக்காரப் பிள்ளைகள் நாங்கள் நிற்போம், ஒளிவிழாவுக்கு அவர்கள் இடையராகவும் இராசாவாகவும் வருவார்கள். இப்போது சமயம் தடையில்லை, வாடகைக் காசு தடையாக வந்து நிற்கிறது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

என் யோசனை இது. திரைக்கும் வானத்திலிருந்து எடுக்கும் வீடியோவுக்கும் சல்லிக்காசு வேண்டாம். வெள்ளைப் பொப்ளின், நெற் (வலை) துணி, சரிகைக்கரை வாங்குவோம். ஊரில் தையல் மெசின் வைத்துச் சீவிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், கணவனை இழந்தவர்களும் அதில் உண்டு. கூலி அவர்களுக்குப் போகட்டும். கீழ்மடிப்பு அகலமாக விட்டு, சின்னது நடுத்தரம் பெரியது என்று தைத்துப் பள்ளிக்கூட அலுமாரியில் வைத்தால் பல வருடம் வரும். பொறுப்பு ஒரு ரீச்சரிடம், அலுமாரித் திறப்பு அதிபரிடம். துணிக் கடைப் பற்றுச்சீட்டை அப்படியே குழுவில் போடலாம், பொருளாளர் அண்ணைக்கும் நிம்மதி.

 

இதற்குச் சம்மதம் என்றால் என் பங்கு இந்த மாதமே வரும். திரைக்குத்தான் என்றால் சங்கத்துக்குத் தர மாட்டேன். அதிபரோடு நேரே பேசித் துணியை வாங்கிக் கொடுப்பேன். புரட்டாதி முடிவதற்குள் முடிவெடுங்கள், தைக்கிறவர்களுக்கு இரண்டு மாதமாவது வேண்டும். அந்தப் பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. அவளின் அளவைச் சின்னம்மா எடுத்து அனுப்பியிருக்கிறார்.