லீனியரின் சூட்டைக் குறைக்கப் போனால் ஸ்ப்ளாட்டர் (பக்கத்து அலைவரிசையில் சிதறல்) வருகிறது (40 மீட்டர், ஐஆர்எஃப் 510 ஜோடி)

சிறுமலை_பயணி
வணக்கம். மாதம் ஒருமுறை சிறுமலைக்குப் போய் ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டைக் குரல் முறை) பேசுவேன். சின்ன செட்டுக்குப் பின்னால் நானே கட்டிய லீனியர் (செட்டின் சக்தியைக் கூட்டும் பெருக்கி): இரண்டு ஐஆர்எஃப் 510 ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்), மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல். முன்பு ஒரே 12 வோல்ட் பேட்டரியில் 10 வாட் வந்தது, தொல்லையே இல்லை. ஆசைப்பட்டு இரண்டு 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியைத் தொடராக இணைத்து 25 வோல்ட் கொடுத்தேன். இப்போது 25 வாட் வருகிறது. ஆனால் மைக்கில் விசிலடித்தால் 2.6 ஆம்பியர் இழுக்கிறது, ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை, நாலு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடுகிறது.

சூட்டைக் குறைக்கலாம் என்று பயஸை (சிக்னல் இல்லாதபோதும் ஃபெட்டில் ஓடும் மின்னோட்டம்) ஃபெட் ஒன்றுக்கு 250 மில்லி ஆம்பியரில் இருந்து 20க்கு இறக்கினேன். சூடு கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் காலை நெட்டில் (குறித்த நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசுவது) என் குரல் கரகரக்கிறது என்றும், பக்கத்து அலைவரிசையில் இருப்பவர்களுக்கும் சிதறல் கேட்கிறது என்றும் சொல்கிறார்கள். அடுத்தவர் பேச்சைக் கெடுப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பயஸைத் திரும்ப ஏற்றவும் தயக்கம். 250இல் இருந்தபோது லீனியரை ஆன் செய்தாலே ரிசீவரில் ஒரு இரைச்சல் கூடும். மலையில் சுற்றுப்புற இரைச்சல் குறைவு, அதனால் நன்றாகவே தெரியும். 20க்கு இறக்கியதும் அது போய்விட்டது. என்ன செய்யலாம்?

குமரி_சாரல்
அவுட்புட்டில் லோ பாஸ் ஃபில்டரை இன்னும் ஒரு கட்டம் கூட்டிப் பாருங்கள் ஓஎம். சிதறல் அடங்கும்.

பழைய_வால்வு
தம்பி குமரி, அது இந்த நோய்க்கு மருந்து இல்லை. ஃபில்டர் தடுப்பது 14.2, 21.3 மெகாஹெர்ட்ஸில் வரும் ஹார்மானிக்கை (7.1இன் மடங்குகள்). இவருக்கு வருவது இன்டர்மாடுலேஷன், குரலின் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து பிறக்கும் சிதறல். அது குரலுக்கு ஒட்டினாற்போல் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி, பேண்டுக்குள்ளேயே விழும். எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும்.

பயணி, பயஸ் 20 மில்லி ஆம்பியரில் இருந்தால் ஃபெட் ஏறத்தாழ கிளாஸ் பி, அதாவது ஒவ்வொன்றும் பாதி அலைக்கு மட்டுமே வேலை செய்யும். ஒன்று ஓய்ந்து மற்றது எழும் இடத்தில் இரண்டுமே தூங்குகின்றன. மெல்லப் பேசும் எழுத்துக்கள்தான் அங்கே முதலில் கெடும், அந்தக் கரகரப்பு அதுதான். முதலில் அளந்து பாருங்கள். டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் மின்தடை) மாட்டி, 700, 1900 ஹெர்ட்ஸ் இரண்டு டோனையும் ஒரே உயரத்தில் மைக் வழியே கொடுங்கள். 7.100இல் எல்எஸ்பி (கீழ்ப் பக்கப் பட்டை) என்றால் டோன்கள் 7.0993, 7.0981இல் நிற்கும். மூன்றாம் படிச் சிதறல் 7.1005, 7.0969 இரண்டிலும் முளைக்கும். ஒரு டோனை விட அது எத்தனை டெசிபல் கீழே என்று ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) பாருங்கள். டாங்கிளுக்கு 8 பிட்தான். நிறைய அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது) வையுங்கள், இல்லையென்றால் அதன் சொந்தச் சிதறலையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

குமரி_சாரல்
சரி அண்ணே, தெரிந்துகொண்டேன். கிளாஸ் ஈ போட்டால் 90 சதவீதம் திறன் கிடைக்கும் என்கிறார்களே, அது?

பழைய_வால்வு
1975இல் நேதன் சோகலும் அவர் மகன் ஆலன் சோகலும் எழுதிக் காட்டியது, அருமையான சர்க்யூட். ஆனால் அதில் ஃபெட் சுவிட்சாக வேலை செய்கிறது. டிரைவ் ஏறினாலும் இறங்கினாலும் அவுட்புட் அதே உயரம்தான். சிடபிள்யூவுக்குப் (மோர்ஸ்) பிரமாதம். எஸ்எஸ்பியில் குரலே ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது, அப்படியே போட்டால் நாசம். சப்ளை வோல்டேஜைக் குரலோடு சேர்த்து ஆட்டும் தனி சர்க்யூட் வேண்டும்.

தேனி_ஒய்எல்
பயணி அண்ணா, ஒரு கேள்வி. 12 வோல்ட்டில் இருந்து 25க்கு மாறியபோது அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மாற்றினீர்களா? எத்தனை சுற்று?

சிறுமலை_பயணி
மாற்றவில்லை சகோதரி. டிரெயின் (ஃபெட்டின் வெளியீட்டு முனை) பக்கம் 2, ஆன்டெனா பக்கம் 4.

தேனி_ஒய்எல்
அப்படியானால் சூட்டுக்குப் பெரிய காரணம் பயஸ் இல்லை, அதுதான். 2:4 என்றால் 50 ஓம் டிரெயினுக்கு டிரெயின் 12.5 ஓமாகத் தெரியும். 12 வோல்ட்டுக்கு அது சரி. 25 வோல்ட்டில் அதே 12.5 ஓமில் 25 வாட் எடுத்தால் ஒவ்வொரு டிரெயினும் 12.5 வோல்ட்தான் ஆடும். மீதிப் பாதி வோல்டேஜ் ஃபெட்டுக்குள்ளேயே சூடாகப் போகிறது. கிளாஸ் பியின் உச்சம் 78.5 சதவீதம், பாதி ஆட்டத்தில் அது 39. உங்கள் கணக்கும் அதையே சொல்கிறது: 25 வோல்ட், 2.6 ஆம்பியர், 65 வாட் உள்ளே, 25 வெளியே, 38 சதவீதம்.

ஆன்டெனா பக்கம் ஒரு சுற்றைக் கழற்றுங்கள். 2:3 ஆனால் 22 ஓம். டிரெயின் 16.7 வோல்ட் ஆடும், திறன் ஏட்டுக் கணக்கில் 52. இன்னொன்றையும் கழற்றினால் இன்னும் கூடுமே என்று தோன்றும், வேண்டாம். 2:2இல் 50 ஓம். அடியில் 4 வோல்ட் ஃபெட்டுக்கென்று விட்டால் மொத்தமே 18 வாட் அளவில் தலை தட்டிவிடும். அதற்கு மேல் டிரைவ் கொடுத்தால் உச்சி சப்பையாகி ஸ்ப்ளாட்டர் வேறு வழியில் வரும். 2:3இல் உச்சம் 40 வாட், நீங்கள் எடுப்பது 25. அந்த இடைவெளிதான் குரலைச் சுத்தமாக வைக்கும்.

பழைய_வால்வு
நல்ல கணக்கு அம்மா. நான் பயஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிசீவர் இரைச்சலுக்கு வருகிறேன். பயஸ் எப்போதும் ஏறியே இருக்கிறது, இல்லையா? அப்படியானால் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் லீனியர் உயிரோடு இருந்து தன் இரைச்சலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கும் பேசுவதற்கும் ஆன்டெனாவை மாற்றும் ரிலே வழியே அது ரிசீவருக்குக் கசிகிறது. பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். நாலு மணி நேரத்தில் 3.2 மணி நேரம் கேட்கிறீர்கள் என்று வைத்தால், 250 பயஸில் இரண்டு ஃபெட்டுக்கும் சேர்த்து 0.5 ஆம்பியர் வீதம் 1.6 ஏஎச் சும்மா போயிருக்கிறது. பேசும் 0.8 மணி நேரத்தில் சராசரி ஒரு ஆம்பியர் என்றாலும் 0.8 ஏஎச்தான். பேசுவதை விடக் கேட்பதற்கு இரண்டு மடங்கு செலவழித்திருக்கிறீர்கள்!

பயஸ் ரெகுலேட்டருக்குப் போகும் சப்ளையை பிடிடியோடு (பேச அழுத்தும் சுவிட்ச்) கட்டுங்கள். பேசும்போது மட்டும் பயஸ். ரிலே ஒட்டி முடித்த பிறகுதான் டிரைவ் வர வேண்டும், இல்லையென்றால் கான்டாக்ட் கருகும். பேசும்போது ஒன்றுக்கு 150 வைத்துப் பாருங்கள். ஃபெட் சூடானால் கேட் திறக்கும் வோல்டேஜ் இறங்கி பயஸ் தானாக ஏறும். பயஸ் வரிசையில் ஒரு டயோடைச் சேர்த்து அதை ஹீட் சிங்கில் ஒட்டிவிடுங்கள்.

சிறுமலை_பயணி
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முதலில் எதையும் தொடாமல் அளந்தேன்: சிதறல் ஒரு டோனை விட 18 டெசிபல்தான் கீழே. இதோடு இத்தனை நாள் பேசியிருக்கிறேன் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. ஒரு சுற்றைக் கழற்றி, பயஸை 150க்கு ஏற்றியதும் 31 டெசிபல். விசிலுக்கு 2 ஆம்பியர், அதே 25 வாட். பயஸை 250க்கும் ஏற்றிப் பார்த்தேன், 1 டெசிபல்தான் கூடியது, 150இலேயே விட்டுவிட்டேன்.

பிடிடியோடு பயஸைக் கட்டியதும் ரிசீவர் இரைச்சல் போயே போய்விட்டது. நேற்று சிறுமலையில் நாலு மணி நேரம் பேசியும் பேட்டரியில் தெம்பு இருந்தது. பக்கத்து அலைவரிசையில் இருந்தவரையே கூப்பிட்டுக் கேட்டேன். நான் பேசுவதே தெரியவில்லை என்றார்.

டயோடு இன்னும் ஒட்டவில்லை. பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் 150 என்பது 190 ஆகிறது. 1என்4148 போதுமா, பெரியது வேண்டுமா?

தேனி_ஒய்எல்
1என்4148 போதும் அண்ணா. ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே ஹீட் சிங்கில் வைத்து எபாக்சி போடுங்கள். ஃபெட்டின் முதுகுத் தகட்டில் மட்டும் டயோடின் கால் பட்டுவிடக் கூடாது, அது டிரெயின். 73 (வாழ்த்துகள்).