வீட்டுக்கார வியட்நாமியப் பெரியவர் மருத்துவரிடம் போக மறுக்கிறார்: எப்படிச் சொல்வது?

ஸ்பிரிங்வேல் புதியவன்:
மெல்பர்ன் வந்து ஆறு வாரமாகிறது. வியட்நாமியர் ஒருவரின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன்; அவரை அவர்கள் முறைப்படி 'பாக்' என்று அழைக்கிறேன், நம் பெரியப்பா முறைதான். சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துவிட்டார். மருத்துவரிடம் போகலாம் என்றால், காப்பிக் கடை நண்பர்கள் சொன்ன கஷாயம் போதும் என்கிறார். இவர்கள் உடல்நலச் செய்தியில் யாரை நம்புகிறார்கள்? பயமாக இருக்கிறது.

டான்டினாங் அண்ணன்:
நான் 2009இல் வந்தபோது இரவு வேலை. மூன்று மாதம் நெஞ்செரிச்சலோடு, யாரிடம் கேட்பதென்று தெரியாமல், அம்மா தொலைபேசியில் சொன்ன சீரகத் தண்ணீரையே நம்பிக் கிடந்தேன். உடன் வேலை செய்த வியட்நாமியர்கள் பல மொழிகளில் ஒலிபரப்பும் ஆஸ்திரேலியப் பொது வானொலியான எஸ்.பி.எஸ்.ஸில் தங்கள் மொழி நிகழ்ச்சியைக் கேட்பார்கள். அதில் மருத்துவர் பேசினால் மறுநாளும் அதே பேச்சுதான். வானொலியைக் கேட்க வையுங்கள்.

மருந்தகத் தோழி:
வானொலியைக் கேட்பார்கள், ஆனால் கிளம்பிப் போக மாட்டார்கள். எங்கள் மருந்தகத்தில் பல வியட்நாமிய ஆண்களுக்காக மனைவியோ மகளோதான் வந்து கேட்கிறார்கள். 50 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசு இலவசமாக அஞ்சலில் அனுப்பும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டி, ஆங்கிலக் கடிதத்தோடு வருவதால் எத்தனை வீடுகளில் பிரிக்கப்படாமல் கிடக்கிறதோ! என் அப்பாவின் பெட்டியும் அப்படித்தான் கிடந்தது. அதைத் தேடி எடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்வேல் புதியவன்:
எழுத விட்டுப்போயிற்று. அவருக்கு 61 வயது; மலத்தில் இரண்டு முறை இரத்தம் கண்டதாகச் சொன்னார். மனைவி இல்லை, மகள் பெர்த்தில் இருக்கிறார்.

செவிலி அக்கா:
தம்பி, அந்தப் பெட்டி அறிகுறி இல்லாதவர்களுக்கானது. இரத்தம் கண்டவர் அதற்காகக் காத்திராமல் நேரே ஜி.பி.யிடம் (பொது மருத்துவரிடம்) போக வேண்டும். ஸ்பிரிங்வேலில் வியட்நாமிய மொழி பேசும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரம் கிடைக்காவிட்டால், பதியும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவருக்காக, மருத்துவர் அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண் வழியாகக் கட்டணமின்றி ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். மகளைப் பேசி இணங்க வைக்கச் சொல்லுங்கள், ஆனால் அவரையே மொழிபெயர்க்க விடாதீர்கள். இரத்தம், மலம் பற்றி அப்பா மகளிடம் மறைப்பார். வியட்நாமில் பிறந்தவர்கள் பலருக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று தெரியாமலேயே இருப்பதால் அந்த இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்; கஷாயத்தையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதிக இரத்தம் போனாலோ மயங்கினாலோ அவசர உதவி எண் 000.

ஸ்பிரிங்வேல் புதியவன்:
மகள் பேசிவிட்டார். நாளை காலை 9.30க்கு நேரம் கிடைத்திருக்கிறது; கஷாயம் சொன்ன நண்பரே காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.