‘ராக் அண்ட் ரோல் ஆல் நைட்’: அந்த மேடைப் பதிவு மேடையில் நடந்ததுதானா?

இசைத்தட்டுப்பெட்டி:
கிஸ்ங்கிற அமெரிக்க ராக் குழுவோட இந்தப் பாட்டு 1975-ல ரெண்டு தடவை சிங்கிளா, அதாவது தனிப்பாட்டுத் தட்டா, வந்தது. ஏப்ரல்ல வந்தது ஸ்டூடியோப் பதிவு. அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியல்ல 68-ஆம் இடத்துக்கு மேல ஏறலை. அக்டோபர்ல ‘அலைவ்!’ ஆல்பத்துல இருந்து மேடைப் பதிவை எடுத்து விட்டாங்க. அது 12-ஆம் இடம் வரைக்கும் போச்சு. இன்னைக்கும் எல்லாரும் தூக்கி வச்சுக்கிறது அந்த ரெண்டாவதைத்தான்.

எனக்கு அதுல உடன்பாடு இல்லை. டெட்ராய்ட், கிளீவ்லாந்து, டேவன்போர்ட், வைல்ட்வுட்னு நாலு ஊர்ல பதிவு பண்ணின டேப்பை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்க் குரலையும் கிட்டாரையும் திருத்தினாங்க. இதை நான் கட்டிச் சொல்லலை. தயாரிப்பாளர் எடி கிராமரே சொன்னதுதான். கூட்டத்தோட இரைச்சலையும் கூட்டி வச்சிருக்காங்க. அப்புறம் எப்படி அது ‘லைவ்’? ஸ்டூடியோ சிங்கிள் தன்னை வேற எதுன்னும் சொல்லிக்கலை. மூணு நிமிஷத்துக்குள்ள முடியுது, கச்சிதம், நேர்மை. என் ஓட்டு அதுக்குத்தான்.

மிக்ஸர்மேசை:
பதினைந்து வருடமாகக் கச்சேரிகளைப் பதிவு செய்து பிழைக்கிறவன் என்கிற முறையில் பதில் சொல்கிறேன்.

மேடையில் பாடகருக்கு முன்னால் இருக்கும் மைக் அவர் குரலை மட்டும் வாங்காது. பின்னால் இருக்கும் டிரம்ஸும் பக்கத்து ஆம்ப்ளிஃபயரும் அதற்குள் வந்து விழும். ஏழு அங்குலக் குதிகால் பூட்ஸோடு குதித்து ஆடிக்கொண்டு பாடுகிறவர் பாதி வரி மைக்கை விட்டு விலகியிருப்பார். கிட்டாரில் கை தவறும். அன்று எல்லாமே டேப். கணினியில் சுருதியை இழுத்து வைக்கிற வசதி கிடையாது. தவறின வரியைத் திரும்பப் பாடித்தான் ஆகவேண்டும்.

அரங்கில் நின்ற ரசிகருக்கு அந்தத் தவறு காதில் விழுந்தே இருக்காது. அவருக்கு நெருப்பு, புகை, பக்கத்தில் கத்துகிறவன், நெஞ்சில் இடிக்கும் பாஸ் கிட்டார் எல்லாம் சேர்ந்துதான் பாட்டு. வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தவறு மட்டுமே கேட்கும். அரங்கில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் கை வைக்காமல் முடியாது. எவ்வளவு திருத்தினார்கள் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. ஆனால் எதற்காகத் திருத்தினார்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

இசைத்தட்டுப்பெட்டி:
மிக்ஸர் அண்ணா, தொழில் காரணம் புரியுது. ஆனா உறைமேல என்ன எழுதியிருக்கு? ‘அலைவ்!’, ஆச்சரியக்குறியோட. வாங்கினவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கீங்க. காசு கொடுத்தவன் அதை நம்பித்தானே வீட்டுக்குக் கொண்டுபோனான்?

டிரம்ஸ்குச்சி:
ரெண்டு பேரும் பாட்டை விட்டுட்டு டேப்பைப் பத்திப் பேசுறீங்க.

இந்தப் பாட்டு எதுக்காகப் பிறந்ததுன்னு பாருங்க. கிஸ்ஸோட முதல் ரெண்டு ஆல்பமும் சரியா விற்கலை, ஆனா மேடையில கூட்டம் அள்ளுது. அவங்க தட்டுகளை வெளியிட்ட காசாபிளாங்கா கம்பெனியும் கடன்ல இருக்கு. முதலாளி நீல் போகார்ட், ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுற மாதிரி ஒரு பாட்டு வேணும்னு கேட்டார். குழுவுல பாடுற பால் ஸ்டான்லி பல்லவியோட வந்தார். இன்னொரு பாடகர் ஜீன் சிம்மன்ஸ் கையில முடியாம கிடந்த வேற பாட்டோட வரிகளை எடுத்து சரணத்துக்குப் போட்டாங்க. ஆக, கூட்டம் பாடுறதுக்குன்னே செய்த பல்லவி. அதைக் கூட்டமே இல்லாத ஸ்டூடியோவுல பதிவு பண்ணினா 68-ல நிக்காம என்ன செய்யும்?

எங்க கல்லூரி விழாவுல இதை வாசிச்சிருக்கோம். முன்னால இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு கிஸ் யாருன்னே தெரியாது. பல்லவி மூணாவது சுத்து வந்தப்போ கடைசி வரிசை வரைக்கும் பாடுது. நான் டிரம்ஸை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாரையும் நிறுத்தச் சொல்லி சைகை காட்டினேன். குரலும் டிரம்ஸும் மட்டும். அந்த அரை நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன். ஸ்டூடியோப் பதிவுல அது இல்லை. ‘அலைவ்!’ல இருக்கு.

இசைத்தட்டுப்பெட்டி:
தோழி, நீங்க சொல்ற அந்த அரை நிமிஷத்தை நான் மதிக்கிறேன். ஏன்னா உங்க முன்னால நிஜமாவே ஆட்கள் நின்னாங்க. நான் கேட்கிறதும் அதேதான்.

கடைசிவரிசை:
ஒரு விஷயம் யாரும் சொல்லலையே. ஸ்டூடியோ சிங்கிளில் கிட்டார் சோலோவே, அதாவது கிட்டார் தனியாக முன்னால் வந்து வாசிக்கும் பகுதியே, கிடையாது! குழுவின் கிட்டார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலி வாசிக்கும் அந்த சோலோ மேடைப் பதிவில்தான் இருக்கிறது. இன்று யாரிடமாவது இந்தப் பாட்டை முணுமுணுக்கச் சொன்னால் பல்லவிக்கு அடுத்து அந்த சோலோவைத்தான் வாயால் வாசிப்பார்கள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? குழு தன் கச்சேரியை ‘அலைவ்!’ போலவே வாசிக்கத் தொடங்கியது. அந்த ஆல்பத்தில்கூட இது கடைசிப் பாட்டு இல்லை, கடைசிக்கு முந்தையது. பிறகு வந்த வருடங்களில்தான் காகிதத் துணுக்குகள் பனிபோலக் கொட்ட, இரவை முடித்துவைக்கும் பாட்டாக அது நிலைத்தது. 2023 டிசம்பர் 2, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் விடைபெறும் கச்சேரி. குழு மேடையில் வாசித்த கடைசிப் பாட்டு இதுதான். ஏஸ் அங்கே இல்லை, அந்தக் காலத்து டிரம்மர் பீட்டர் கிறிஸும் இல்லை. ஏஸின் இடத்தில் டாமி தாயர் வாசித்தார். ஆனால் வாசித்தது 1975-இன் வடிவத்தை. திருத்தினார்களோ இல்லையோ, அந்தப் பதிவைப் பார்த்துத்தான் மேடை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் நடந்தது.

மிக்ஸர்மேசை:
கடைசிவரிசை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆல்பம் வரும்வரை மேலாளர் பில் ஆகாயின் தன் சொந்தக் கிரெடிட் கார்டில் கச்சேரிப் பயணச் செலவை ஓட்டிக்கொண்டிருந்தார். ‘அலைவ்!’ விற்காமல் போயிருந்தால் 2023 வரை வாசிக்கக் குழுவே இருந்திருக்காது.

இசைத்தட்டுப்பெட்டி:
விற்றதை வச்சு நேர்மையை அளக்க முடியாது, அண்ணா. அதுல நான் இறங்கி வரமாட்டேன்.

ஆனா சோலோ விஷயத்துல கடைசிவரிசை என்னை மடக்கிட்டார். நேத்து ராத்திரி ரெண்டு பதிவையும் அடுத்தடுத்து நாலு தடவை கேட்டேன். ஸ்டூடியோ சிங்கிள் ஓடுறப்போ சோலோ வரவேண்டிய இடத்துல என் காது தானா காத்துக்கிட்டு நிக்குது. அது வரலை. ஏஸ் 2025 அக்டோபர்ல காலமானதுக்கு அப்புறம் அந்த வெற்றிடம் இன்னும் பெரிசாத் தெரியுது.

அதனால என் கோரிக்கையை மாத்திக்கிறேன். அடுத்த மறுவெளியீட்டுல உறைக்குள்ள ஒரு தாள் வைக்கட்டும். எந்த வரி எந்த ஊர், எது ஸ்டூடியோவுல திரும்பப் பாடினது, எல்லாம் அதுல இருக்கட்டும். அந்த சோலோவோட ஒவ்வொரு ஸ்வரமும் மேடையிலேயே விழுந்ததுன்னு அதுல இருந்தா, உறைமேல இருக்கிற பேரைப் பத்தி நான் பேசறதை நிறுத்திடறேன்.

டிரம்ஸ்குச்சி:
நிறுத்த வேண்டாம். அந்தத் தாளை நானும் வாங்குவேன். டிரம்ஸ் எந்த ஊர்னு எனக்குத் தெரியணும்.