கொழும்பைச் சுற்றி 35 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டம்: எங்கே பிழைவிட்டன்?

ஒழுங்கை_முடக்கு:
வணக்கம். நான் யாழ்ப்பாணம். வேலைக்காக வெள்ளவத்தைக்கு வந்து எட்டு மாசமாகுது. ஊரிலயிருந்து கொண்டுவந்த சைக்கிள் இவ்வளவு நாளும் மாடிப்படிக்குக் கீழ பூட்டிக் கிடந்தது. போன மாசம்தான் தூசி தட்டி, ரயருக்குக் காத்தடிச்சன். ஞாயிறு விடிய ஒரு சுத்து ஓடவேணும், அவ்வளவுதான் ஆசை. கடலும் குளமும் மரமும் கண்ணில படவேணும். வெளிக்கிட்ட படலைக்கே வந்து சேரவேணும், ஆனா போன பாதையால திரும்பி வரக்கூடாது. 35 கிலோமீற்றர் காணும்.

போனில ஒரு ஆப்பில பாதை போட்டன்: வெள்ளவத்தை, நுகேகொடை, கோட்டை, நாடாளுமன்றம், சுதந்திரச் சதுக்கம், காலிமுகத்திடல், மரைன் டிரைவ், வீடு. அது 49 கிலோமீற்றர் காட்டிச்சு. ஏனெண்டு விளங்கேல்லை, எண்டாலும் வெளிக்கிட்டன். ஒரு ஞாயிறு நாசம்.

நுகேகொடை தாண்டினவுடன குளத்துப் பக்கம் விடாம பட்டணத்துக்குள்ள இழுத்துது. பொரளையில வச்சு போனை நிப்பாட்டிட்டு ஆக்களைக் கேட்டுத்தான் நாடாளுமன்றப் பக்கம் போனன். திரும்பி வாறபோது வாய்க்கால் கரையோரம் வடிவா ஒரு நீலக்கோடு காட்டிச்சு. போனா, வாசலில காவலாளி கையை நீட்டி மறிச்சார். நடக்கிற ஆக்களுக்கு மட்டுமாம். பிறகு ஒரு ரயில் கடவையில, தூறல் நேரம், முன்சில்லு தண்டவாளப் பள்ளத்துக்குள்ள இறங்கிட்டுது. முழங்கால் உரஞ்சினதோட தப்பினன். கடைசியா மரைன் டிரைவ். ஒன்பது மணி இருக்கும். முகத்துக்கு நேர காத்து. மிதிக்க மிதிக்க நிண்ட இடத்திலயே நிக்கிறன், ஒவ்வொரு ஒழுங்கையாலும் ஒவ்வொரு ஓட்டோ மூக்கை நீட்டுது.

பாதை பிழையோ, நான் பிழையோ? யாராவது கொழும்பில ஒழுங்கா ஓடுற ஆக்கள் சொல்லுங்கோ.

உப்புக்காற்று:
தம்பி, முதல்ல அந்த 49-ஐப் பாப்பம். ஆப்பில "கோட்டை" எண்டு தமிழிலயோ எழுதினனீர்?

ஒழுங்கை_முடக்கு:
ஓம் அக்கா. நாடாளுமன்றம் இருக்கிற ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையைத்தான் நினைச்சன். பள்ளிக்கூடப் புத்தகத்தில கோட்டை இராச்சியம் எண்டுதானே படிச்சனாங்கள்.

உப்புக்காற்று:
அதுதான் வினை. கொழும்பில கோட்டை எண்டா ரயில் ஸ்டேசன் இருக்கிற கோட்டை. நீர் நினைச்சது கோட்டே. ஆப் உம்மை நுகேகொடையிலயிருந்து துறைமுகத்தடிக்குக் கூட்டிப்போய், திரும்ப நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்து, பிறகு திரும்பவும் மேற்கால காலிமுகத்திடலுக்கு அனுப்பப் பாத்திருக்கு. ஊரின்ர பேரை எழுதாம வரைபடத்தில விரலை வச்சு அழுத்தி புள்ளி போடும். பிட்டகோட்டேச் சந்தியில ஒண்டு போட்டீரெண்டா 49 தானா இறங்கும்.

ராலி_1974:
பேச்சை முறிப்பதற்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள் புறப்பட்டது கோட்டே அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் அவையிலிருந்து. 15ஆம் நூற்றாண்டில் அவனுக்கு வழி தப்பவில்லை. இன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை கோட்டே போக வழி தெரியாமல் பொரளையில் நிற்கிறார். சரி, அக்கா தொடரட்டும்.

உப்புக்காற்று:
ஐயா, சிரிச்சுத் தேத்தண்ணி சிந்திப்போச்சு.

தம்பி, உம்மட இடங்கள் எல்லாம் சரி. ஓடின பக்கம்தான் மாறிப்போச்சு. நீர் கிழக்கால போய் மரைன் டிரைவில தெற்குப் பாத்து இறங்கினனீர். அதைத் திருப்பும். வெள்ளவத்தையிலயிருந்து முதல் வேலையா மரைன் டிரைவில வடக்குப் பாத்து ஏறும்.

ஏனெண்டு சொல்லுறன். நாங்கள் இடப்பக்கம் ஓடுற நாடு. மரைன் டிரைவில கடல், பாறை, தண்டவாளம், பிறகு வீதி. வடக்குப் பாத்துப் போனா உம்மட இடக்கைப் பக்கம் தண்டவாளம் மட்டும்தான். அந்தப் பக்கத்தால ஒழுங்கையும் வராது, ஓட்டோவும் வராது, கார்க் கதவும் திறபடாது. தெற்குப் பாத்து வந்தா ஒழுங்கை வாய்கள் எல்லாம் உம்மட பக்கம். நீர் எண்ணியிருக்கமாட்டீர், நான் ஒருநாள் எண்ணிப் பாத்து பாதியில விட்டன்.

காத்தும் அப்பிடித்தான். மே தொடக்கம் செப்ரெம்பர் மட்டும் தென்மேல் பருவக்காத்து. வடக்கால போனா பின்னுக்கு இடப்பக்கத்தாலயிருந்து தள்ளும், திரும்பி வாறது ஊருக்குள்ளால எண்டபடியால் வீடுகளும் மதில்களும் மறைக்கும். விடியக் காத்து சோம்பேறி, ஒன்பது மணிக்குப் பிறகுதான் அது எழும்பும். ஒரு கவனம்: அது உம்மை வீதி நடுவுக்கும் தள்ளும். வான் ஒண்டு முந்துறபோது ஹாண்டிலை இறுக்கிப் பிடியும்.

ஒழுங்கை_முடக்கு:
அக்கா, பக்கம் திருப்பினா சுத்து முழுக்க வலப்பக்கத் திருப்பமாயெல்லோ வரும்? வலப்பக்கம் திரும்பிறதுதான் எனக்குப் பயம். இடப்பக்கத் திருப்பம் சுகம் எண்டுதான் நான் அந்தப் பக்கத்தால ஓடினது.

உப்புக்காற்று:
கேள்வி சரி. நானும் முதல் வருஷம் அப்பிடித்தான் நினைச்சு ஓடினன். ஆனா பெரிய வலப்பக்கத் திருப்பங்கள் ஆறேழுதான் வரும், ஒழுங்கை வாய்கள் நூறு வரும். அந்த ஆறேழையும் ரெண்டு தரத்தில திரும்பும். கலர் லைட் பச்சை விழ, நேர போற ஆக்களோட இடக்கரையால சந்தியைக் கடந்து, அங்கால மூலையில நில்லும். சைக்கிளை வலப்பக்கம் திருப்பி வச்சுக்கொண்டு அடுத்த பச்சைக்குக் காத்திரும். ஒரு நிமிசம் போகும், அவ்வளவுதான்.

இனிப் பாதை. கொள்ளுப்பிட்டி ஸ்டேசனோட மரைன் டிரைவ் முடியும், அதிலயிருந்து காலி வீதி ஏறி காலிமுகத்திடல். திடலடியில இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்து கொம்பனித்தெரு. அங்கால பேரே வாவி, கங்காராமய, விகாரமகாதேவி பூங்கா, சுதந்திரச் சதுக்கம். பொரளையை மறந்துபோம். நாரஹேன்பிட்டை, கிரிமண்டல மாவத்தை, நாவலை எண்டு போனா வாய்க்கால் கொஞ்சத் தூரம் கூட வரும். பிறகு ராஜகிரிய (மேம்பாலத்தில ஏறாம கீழால), பொல்துவச் சந்தி, தியவன்னா. குளத்தை வலக்கைப் பக்கம் வச்சுக்கொண்டு தலவத்துகொடைப் பக்கம் சுத்தி, கிம்புலாவல, மாதிவெல, பிட்டகோட்டே, நுகேகொடை, கொஹுவலை, பாமன்கடை, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை, வீடு. 35-க்கு ஒண்டு ரெண்டு கூடக் குறைய வரும்.

ராலி_1974:
அக்கா சொன்ன பாதையில் ஒரு குறை உண்டு. சுதந்திரச் சதுக்கத்திலிருந்து பொல்துவ வரை முகம் கிழக்கே. ஜூனில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னரே எழுந்துவிடும். ஆறரைக்கு அந்தப் பகுதியில் ஓடினால் வெயில் நேரே கண்ணில் குத்தும். உங்களுக்கு மட்டும் குத்தினால் பரவாயில்லை, பின்னால் வருகிற பஸ் சாரதிக்கும் குத்தும். அவருக்கு நீங்கள் ஒரு கரும்புள்ளி.

எனக்குக் கைகொடுத்த வழி இது. ஐந்தேகாலுக்கு வீட்டை விடுங்கள், முன்னும் பின்னும் லைட் கட்டாயம். திடலில் விடியட்டும். அவசரப்படாமல் வாவியடியில் சீமா மாலக்க விகாரையைப் பார்த்து, பூங்கா ஓரத்துப் பெருமரங்களின் கீழே உருட்டி, சுதந்திரச் சதுக்கத்துக்குக் கிட்ட எங்காவது ஒரு பிளேன் டீ. இந்த அகலக்கோட்டில் சூரியன் மணிக்குப் பதின்மூன்று, பதினான்கு பாகை ஏறும். ஏழு மணி தாண்டிக் கிழக்கே திரும்பினால் தொப்பி விளிம்பே அதை மறைக்கும். ஞாயிறு என்பதால் அந்த நேரத்திலும் வீதி வெறிச்சென்றுதான் இருக்கும்.

திடலில் ஒரு நினைவுக்கல் உண்டு, நின்று வாசியுங்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பேணும்படி பின்வந்த ஆளுநர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார். சைக்கிள்காரரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போது சைக்கிளே இல்லை என்பதால் மன்னித்துவிடலாம்.

தெமட்டகொட_நானா:
தம்பி, முழங்காலுக்கு மருந்து போட்டீங்களா? ரயில் கடவை விஷயம் யாரும் சொல்லல்ல, நான் சொல்றேன்.

நம்ம களனிவெளிப் பாதை நாரஹேன்பிட்டை, கிருலப்பனை, நுகேகொடை எல்லாத்தையும் சுத்தி வளைஞ்சு போகுது. அதனால கன இடத்துல வீதியைச் சரிவாத்தான் வெட்டும். சரிவாப் போன சில்லு பள்ளத்துல விழாம என்ன செய்யும்? கடவைக்கு இருபது அடி முன்னுக்கே பின்னால பாருங்க, கையைக் காட்டுங்க, கொஞ்சம் வெளிய எடுத்து தண்டவாளத்துக்குக் குறுக்கா, நேரா வெட்டுங்க. மேல இருக்கிறப்ப பிறேக் பிடிக்கவும் வேணாம், மிதிக்கவும் வேணாம். மழை நேரம் இறங்கி உருட்டுங்க, வெட்கம் ஒண்ணுமில்ல. நான் முப்பது வருஷமா பாண் பெட்டி கட்டி ஓடின ஆள், நானும் உருட்டுறேன்.

ரயர் என்ன சைஸ்? ஒல்லி ரயர்னா காத்து கொஞ்சம் குறைச்சு விடுங்க. கொழும்புல பள்ளத்தை விட கான் (வடிகால்) மூடிதான் வில்லன்.

ஒழுங்கை_முடக்கு:
நன்றி நானா. ஊர்ச் சைக்கிள், 28 இஞ்சி சில்லு, ரயர் தடிப்புத்தான். வாய்க்கால் கரைக்கு ஏதும் வழி இருக்கோ? வரைபடத்தில கிருலப்பனை வாய்க்கால், தெஹிவளை வாய்க்கால் எல்லாம் நீலமா நெளியுது, பாக்க ஆசையாக் கிடக்கு.

உப்புக்காற்று:
ஆசைதான். ஆனா கரையோரப் பாதைகளில கன இடம் நடக்கிற, ஓடுற ஆக்களுக்கெண்டு போட்டது. ஒரு துண்டில விடுவினம், அடுத்த துண்டில வாசல். ஆப்புக்கு அது தெரியாது. நான் செய்யிறது இதுதான்: பாதையைக் கீறினவுடன, ஸ்ட்ராவா ஹீட்மேப்பை (ஆக்கள் கன தரம் போன பாதையைத் தடிப்பாக் காட்டுற வரைபடம்) சைக்கிளுக்கு மட்டும் வச்சுப் பாப்பன். நடக்கிற ஆக்களின்ர கோடு தடிப்பா இருந்து சைக்கிள் கோடு மெல்லிசா இருந்தா, அங்க ஒரு காவலாளி இருக்கிறார் எண்டு அர்த்தம். பெத்தகான ஈரநிலப் பூங்காவும் அப்பிடித்தான். டிக்கெற் எடுத்து நடந்து பாக்கிற இடம், சைக்கிள் ஓடுற இடமில்லை. தனியா ஒரு பின்னேரம் வையும்.

தியவன்னாப் பக்கம் முதல்நாள் பெருமழை எண்டா போகாதீர். அது சதுப்பு நிலம். ஜெஃப்ரி பாவா நாடாளுமன்றத்தைக் கட்டி 1982இல திறந்தது, சேறு வாரி எடுத்து உண்டாக்கின குளத்துக்கு நடுவில. 2010 நவம்பர் மழைக்கு நாடாளுமன்றத்துக்குள்ளயே வெள்ளம் போனது. கொழும்பின்ர வெள்ளத்தைக் குடிக்கிறது இந்தச் சதுப்புகள்தான். 2018இல, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சர் உடன்படிக்கையால, ஈரநில நகரம் எண்டு கொழும்புக்குப் பட்டம் கிடைச்சதும் இதால. எங்களுக்கு அதால கிடைக்கிற லாபம் நீர்க்காகமும் தாழைக்கோழியும்.

கொச்சிக்கடை_மணி:
எல்லாரும் தெற்கையே பேசுறீங்க! வடக்கை ஏன் விட்டீங்க? செட்டியார் தெருக் கோயில்கள், கருங்கல்லிலேயே கட்டின பொன்னம்பலவாணேசர் கோயில், 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம், முகத்துவாரம், காக்கைத்தீவு. களனி கங்கை கடலில் விழுகிற இடத்தைப் பார்க்காமல் கொழும்பைச் சுற்றினேன் என்று சொல்லக்கூடாது.

ஆனால் அக்காவின் பாதையில் இதைச் செருகாதீர்கள், தம்பி. 35 அறுபதுக்குக் கிட்ட வந்துவிடும். இன்னொரு ஞாயிறு தனியாக வாருங்கள். புறக்கோட்டையை ஆறு மணிக்கு முன் தாண்டவேண்டும். பிறகு சுமை தூக்கும் நாட்டாமிகளின் கைவண்டியும் நடைபாதைக் கடையும் வந்துவிடும், சைக்கிளைத் தலையில்தான் தூக்கவேண்டும். மட்டக்குளிப் பாலம் தாண்டினால் ஹெந்தளை, அங்கிருந்து ஹமில்டன் கால்வாய். ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது. எங்கள் பக்கம் இன்னும் ஒல்லாந்தர் கால்வாய் என்றுதான் சொல்வார்கள். ஏழெட்டுக் கிலோமீற்றர் போய், தென்னைக்குக் கீழே இளநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். போன பாதையால்தான் வரவேண்டும், உங்கள் விதிக்கு ஒத்துவராது. கால்வாய் அப்படித்தான் கிடக்கிறது.

ஒழுங்கை_முடக்கு:
ரெண்டு கிழமை கழிச்சு எழுதுறன். ஓடிட்டன்!

பிட்டகோட்டேயில புள்ளியைக் கையால போட 36 காட்டிச்சு. ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டன். மரைன் டிரைவில என்ர பக்கத்தால ஒரு கதவும் திறபடேல்லை. பம்பலப்பிட்டி தாண்ட, முதல் கோச்சி ஒண்டு பக்கத்திலயே ஓடி வந்தது. ஜன்னலில நித்திரையா இருந்த ஒராள் கண்ணை முழிச்சு என்னைப் பாத்திட்டு திரும்பப் படுத்தார். காத்து முதுகில. ஊரில பண்ணைப் பாலத்தில பின்காத்துக்கு ஓடின ஞாபகம் வந்தது.

நினைவுக்கல்லை வாசிச்சன், ஐயா. டீக்குக் கடை கிடைக்க நேரம் எடுத்ததால ஏழேகாலுக்குத்தான் கிழக்கால திரும்பினன், அது நல்லதாப் போச்சு. கடவை ரெண்டிலயும் உருட்டினன். பிழை எண்டா ஒண்டுதான்: ராஜகிரியவில யோசிக்காம மேம்பாலத்தில ஏறிட்டன். பின்னால ஒரு பஸ் ஹோர்ன் அடிச்ச அடியில வாழ்நாளில இல்லாத வேகத்தில மறுபக்கம் இறங்கினன்.

தலவத்துகொடைப் பக்கம் ஒரு கபரகொய்யா (பெரிய நீருடும்பு) வீதிக்குக் குறுக்க படுத்திருந்தது. ஆறடி இருக்கும். நாக்கை நீட்டி நீட்டி எடுக்குது, அசையிறதா இல்லை. மணியடிச்சன், பிரயோசனமில்லை. எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டோக்காரரும் நிப்பாட்டிட்டு நிண்டார். ரெண்டுபேரும் ஒராளை ஒராள் பாத்துச் சிரிச்சம். அது தன்ர நேரத்துக்கு எழும்பி, வயிறு தார் ரோட்டில உரஞ்ச உரஞ்ச புல்லுக்குள்ள இறங்கிச்சு.

எட்டரைக்கு வீடு. இண்டைக்கு செயினைப் பாத்தா செம்மஞ்சளா ஏதோ படிஞ்சிருக்கு. ஒரு நாளையிலயே துருவோ?

உப்புக்காற்று:
ஓம், அது கடல் தந்த கூலி. ஓடிட்டு வந்தவுடன ஒரு வாளி நல்ல தண்ணியால மெதுவா ஊத்தும், பைப்பால பீச்சியடிக்காதீர். பழந்துணியால துடைச்சு, வெயிலில அரை மணித்தியாலம் வச்சு, பிறகு எண்ணெய் துளித்துளியா. மிச்சத்தைத் துடைச்செடும், இல்லாட்டி மணல் ஒட்டும். தேங்காயெண்ணெய் மட்டும் விடாதீர், என்ர தம்பி விட்டான், ரெண்டு நாள் எறும்பு.